ஃப்ரிட்ஜில் எரியும் கேஸ்: எரியாததை விட்டு இதற்கு ஏன் வந்தார்கள்?

புதுப்பெட்டி:
புது ஃப்ரிட்ஜின் பின்னால், கம்ப்ரசர் பக்கத்தில் மஞ்சள் முக்கோணத்துக்குள் தீ ஜுவாலை படம் ஒட்டியிருக்கிறது. ஸ்டிக்கரில் "ஆர்-600ஏ, 52 கிராம்". தேடினால் ஐசோபியூட்டேன், அதாவது சமையல் கேஸுக்கு உறவுக்காரன்! பழைய பெட்டியில் இருப்பது ஆர்-134ஏ, அது தீப்பிடிக்காது என்கிறார்கள். பாதுகாப்பானதை விட்டுவிட்டு ஆபத்தானதற்கு ஏன் மாறினார்கள்? அடுப்பு எரிகிற அறையில் இதை வைக்கலாமா? பழைய பெட்டியில் குளிர் குறைந்துவிட்டது. அதில் 600ஏ ஏற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். சரியா?

செம்புக்குழாய்:
முதல் கேள்விக்கு மட்டும் நான்.

1920களின் வீட்டுப் பெட்டிகளில் ஓடியவை சல்ஃபர் டைஆக்சைடு, மெத்தில் குளோரைடு, அம்மோனியா. மூன்றுமே நஞ்சு. ராத்திரி குழாய் கசிந்தால் தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமலே போகலாம். இந்தப் பயத்தைப் போக்கத்தான் ஐன்ஸ்டைனும் இயற்பியலாளர் லியோ சிலார்டும் அசையும் பாகமே இல்லாத ஒரு குளிர்ப்பெட்டியை வடிவமைத்து 1930ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள். அது கடைக்கு வரவே இல்லை. ஏனென்றால் 1928லேயே அமெரிக்கர் தாமஸ் மிட்ஜ்லியின் குழு வேறு வழி பிடித்துவிட்டது: டைகுளோரோடைஃபுளூரோமீத்தேன், பின்னாளில் ஆர்-12. 1930ல் வேதியியலாளர்கள் கூடிய சபையில் மிட்ஜ்லி அதை நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, தீயும் பிடிக்காது என்பதற்கு ஒரே மூச்சில் சாட்சி. (பெட்ரோலில் ஈயம் கலந்ததும் இதே மனிதர்தான்.)

ஃப்ரிட்ஜைப் பயமில்லாமல் சமையலறையில் நிறுத்த முடிந்தது அதன் பிறகுதான். தினமும் சந்தைக்குப் போகிற வழக்கம் வாரம் ஒருமுறை என்று ஆனதற்கும், மீந்த சாப்பாடு மறுநாளுக்கு என்று ஆனதற்கும் அந்தக் கேஸுக்குப் பெரிய பங்குண்டு.

வினை வந்தது அதன் நல்ல குணத்தால்தான். எதோடும் சேராத வாயு என்பதால் காற்றில் ஏறக்குறைய நூறு வருடம் அழியாமல் மிதக்கும். மெல்ல ஸ்ட்ராடோஸ்பியருக்கு (ஓசோன் இருக்கும் மேல் காற்றடுக்குக்கு) ஏறி, புற ஊதாக் கதிர் பட்டதும் குளோரின் அணு கழன்று ஓசோனைத் தின்னத் தொடங்கும். 1974ல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் இதை எழுதினார்கள். 1985ல் அண்டார்டிகாவின் ஹேலி நிலைய அளவீடுகளில் ஓட்டையே தெரிந்தது. 1987ல் இத்தகைய வாயுக்களைக் கட்டுப்படுத்த மான்ட்ரியல் உடன்படிக்கை. ஆர்-12 போன்றவற்றைக் கைவிட வளரும் நாடுகளுக்கு 2010 வரை கெடு.

அடுத்து வந்த 134ஏ-யில் குளோரின் கிடையாது, ஓசோனுக்குத் தொந்தரவில்லை. ஆனால் 1 கிலோ வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் சுமார் 1,430 கிலோ கார்பன் டைஆக்சைடு செய்கிற வேலையைச் செய்யும். மான்ட்ரியல் உடன்படிக்கைக்கு 2016ல் கிகாலி திருத்தம் வந்தது இந்த வகை வாயுக்களைக் குறைக்கத்தான். ஐசோபியூட்டேனுக்கு அந்த எண் ஒற்றை இலக்கம். 1990களின் தொடக்கத்திலேயே கிரீன்பீஸ் அமைப்பு, பழைய கிழக்கு ஜெர்மனியின் தொழிற்சாலை ஒன்றோடு சேர்ந்து புரொபேன்-பியூட்டேன் பெட்டியை ஓட்டிக் காட்டியிருந்தது. 134ஏ தீப்பிடிக்காது என்பது சரி. பாதுகாப்பானது என்று சொன்னால், யாருக்கு என்று கேட்பேன்.

அளவுகோல்:
அறையில் வைக்கலாமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஐசோபியூட்டேன் காற்றில் 1.8 முதல் 8.4 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். கீழ் எல்லையான 1.8 என்பது கன மீட்டருக்குச் சுமார் 43 கிராம். 10 சதுர மீட்டர் தரை, 3 மீட்டர் உயரம் என்றால் அறை 30 கன மீட்டர். உங்கள் 52 கிராம் முழுவதும் கசிந்து பரவினாலும் கன மீட்டருக்கு 1.7 கிராம்தான். எல்லையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

ஃப்ரிட்ஜோடு வரும் கையேடுகளில் 8 கிராமுக்கு 1 கன மீட்டர் இடம் வேண்டும் என்ற விதி இருக்கும். அதன்படி உங்களுக்கு 6.5 கன மீட்டர் போதும். பாடி ஸ்ப்ரே டப்பாவைப் பீய்ச்சித் தள்ளுவதும் பெரும்பாலும் இதே குடும்பத்து வாயுதான். அதைப் படுக்கையறையில் வைத்திருக்கிறோம். தாராளமாக வையுங்கள்.

உறைபனி:
@அளவுகோல் கணக்கு சரி, ஆனால் அது அறை முழுக்கச் சமமாகப் பரவினால். காற்றைவிட இரண்டு மடங்கு கனமான வாயு தரையோடுதான் தவழும். அதைவிட முக்கியமாக, வீடுகளில் கசிவு பெட்டிக்கு உள்ளேயும் நடக்கலாம். ஃப்ரீசர் அறை 30 லிட்டர் என்று வையுங்கள்: 1.3 கிராம் கசிந்தாலே தீப்பிடிக்கும் எல்லை வந்துவிடும். அதனால்தான் இந்த வகைப் பெட்டிகளில் தெர்மோஸ்டாட், கதவு விளக்கின் சுவிட்ச் எல்லாம் பொறி வெளியே வராதபடி மூடியவையாக இருக்கும், அல்லது கேஸ் சேராத இடத்தில் இருக்கும். பல்பு ஹோல்டரையோ சுவிட்சையோ மாற்றும்போது "எதுவாக இருந்தால் என்ன" என்று கிடைத்ததைப் போட்டால் அந்தப் பாதுகாப்பு போயிற்று.

உள்ளே கசிவதற்கு முதல் காரணம் கத்தி. டைரக்ட் கூல் (தானாக ஐஸ் உருகாத வகை) ஃப்ரீசரில் பாறையாகப் படிந்த ஐஸைக் கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ வைத்துப் பெயர்ப்பார்கள். ஐஸுக்குப் பின்னால் இருப்பது மெல்லிய அலுமினியத் தகடு, அதற்குள்ளேயே கேஸ் ஓடும் தடம். நுனி பட்டால் "உஸ்" என்று ஒரு சத்தம், பெட்டியின் கதை முடிந்தது. ஐஸ் அரை சென்டிமீட்டர் படிந்ததுமே பெட்டியை அணைத்து, கதவைத் திறந்து, சுடுநீர்ப் பாத்திரம் ஒன்றை உள்ளே வையுங்கள். கால் மணி, அரை மணியில் தகடு தகடாகக் கையோடு வரும்.

"உஸ்" கேட்டுவிட்டால்: அடுப்பை அணையுங்கள், ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தபடியே விடுங்கள், ஜன்னலோடு வாசல் கதவையும் திறங்கள் (வாயு தரையில் இருக்கும், ஜன்னல் மட்டும் போதாது). பிளக்கைப் பிடுங்காமல், தள்ளி இருக்கும் மெயின் போர்டில் மின்சாரத்தை நிறுத்துங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் போடக்கூடாது, அதன் சுவிட்சிலும் பொறி வரும். வாசனையை நம்ப வேண்டாம். சமையல் கேஸில் நாற்றத்துக்காகச் சேர்க்கும் பொருள் இதில் கிடையாது.

புதுப்பெட்டி:
மிக்க நன்றி. கத்தி விஷயம் தெரியாது, வீட்டில் உடனே சொல்லிவிடுகிறேன். பழைய 134ஏ பெட்டியில் 600ஏ ஏற்றுவது பற்றி யாராவது சொல்லுங்களேன்.

லோசைடு:
வேண்டாம். தீ விபத்துப் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் அது குளிரவே குளிராது. ஒரே கொள்ளளவுள்ள கம்ப்ரசரில் 600ஏ தருகிற குளிர், 134ஏ தருவதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. அதனால்தான் 600ஏ கம்ப்ரசரின் சிலிண்டரைப் பெரிதாகச் செய்கிறார்கள். பழையதில் ஏற்றினால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். தீ விஷயம்: பழைய பெட்டியின் தெர்மோஸ்டாட், ரிலே, ஐஸை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டர் எதுவும் எரியும் வாயுவை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அடுத்து வரும் மெக்கானிக், ஸ்டிக்கரில் 134ஏ என்று பார்த்து நேராகக் குழாயைப் பற்றவைக்கும் தீ டார்ச்சை நீட்டுவார்.

குளிர் குறைந்தது கேஸ் குறைந்ததால்தானா என்பதையும் பாருங்கள். மூடிய சுற்றில் கேஸ் தானாகத் தீராது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. அதை அடைக்காமல் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள், தடையில்லாமல் வந்தால் கோளாறு அங்கே.

புதுப் பெட்டிக்கு நாளைக்கே வேலை வந்தால் கவனிக்க: 600ஏ ஓடும்போது லோ சைடு (கம்ப்ரசர் கேஸை உறிஞ்சும் பக்கம்) அழுத்தம் ஏறக்குறைய 0.6 பார், வெளிக்காற்றைவிடக் குறைவு. வெளிக்காற்றைப் பூஜ்யமாக வைத்து அழுத்தம் காட்டும் கேஜின் முள் பூஜ்யத்துக்குக் கீழே நிற்பதே இயல்பு. 134ஏ பழக்கத்தில் இருப்பவர் "கேஸ் இல்லை" என்று இன்னும் ஏற்றுவார்; கேஸ் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயில் கம்ப்ரசர் வரை பனி பூத்தால் அளவு மீறியது என்று அர்த்தம். 52 கிராமில் 5 கிராம் தப்பினாலே பத்து சதவீதப் பிழை. கேஜைப் பார்த்து ஏற்றுபவரை விட்டுவிட்டு, 1 கிராம் காட்டும் தராசு வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். மிச்சக் கேஸை ஹோஸ் வழியாக வெட்டவெளிக்கு விட்டு, நைட்ரஜன் ஓட்டி, குழாயைக் கட்டரால் வெட்டி, ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரைப் புதிதாகப் போட்டு, வேக்யூம் எடுத்த பிறகே சார்ஜ். லோ சைடு ஓட்டை வழியாக ஈரக்காற்று உள்ளே இழுபட்டிருக்கும் என்பதால் டிரையரில் கஞ்சத்தனம் கூடாது. அந்த ஈரம் கேப்பிலரி என்னும் மெல்லிய குழாயின் முனையில் உறைந்து அடைக்கும். முடிந்தால் இணைப்புகளுக்கு டார்ச் இல்லாத லோக்ரிங் (அழுத்திப் பொருத்தும் உலோக வளையம்) கேளுங்கள்.

செம்புக்குழாய்:
பழையதைக் கழிப்பதாக இருந்தால் சுத்தியலால் உடைப்பவரிடம் கொடுக்காதீர்கள். 134ஏ-யை உருளையில் பிடித்து எடுக்க முடியும். இன்னும் பழைய ஆர்-12 காலத்துப் பெட்டி யார் வீட்டிலாவது கிடந்தால் கூடுதல் கவனம் தேவை: அதன் சுவருக்குள் இருக்கும் ஃபோமை ஊதியது ஆர்-12இன் குடும்பத்து வாயுவான சிஎஃப்சி-11தான், குழாயில் இருப்பதைவிட அதிகமாக அங்கே அடைபட்டிருக்கும். இப்போதைய ஃபோமில் பெரும்பாலும் ஓசோனைத் தின்னாத சைக்ளோபென்டேன்.