புதுப்பிப்பு: கூட்டுப் பட்டத்துக்குத் தரவரிசை மட்டும் பார்த்தால் போதாது

இந்தியக் கல்வி நிறுவனமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரே சான்றிதழில் தருவது கூட்டுப் பட்டம். அதற்குக் கூட்டாளி தேடும் கல்வி நிறுவனங்களுக்காக எழுதிய முந்தைய இழையில், கியூஎஸ் அல்லது டைம்ஸ் உலகத் தரவரிசைப் பட்டியலின் முதல் 1000-க்குள் வரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை முதலில் சலித்தெடுக்கச் சொல்லியிருந்தோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி அது சரிதான். ஆனால் சிக்கல் வருவது பாடத்திட்டத்தில்.

கூட்டுப் பட்டத்துக்கு மாணவர் இரு நிறுவனங்களிலும் தலா குறைந்தது 30 சதவீத கிரெடிட் (படிப்பின் அளவைக் காட்டும் புள்ளி) பெற வேண்டும். 80 கிரெடிட் முதுகலை என்றால் தலா 24. ஒரே பாடத்தை இரண்டு இடத்திலும் படித்துக் கணக்குக் காட்ட முடியாது. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே பாடங்களை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். ஐரோப்பாவில் ஓராண்டுக்கு 60 ஈசிடிஎஸ் (ஐரோப்பியக் கிரெடிட் முறை). அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும், படிப்பு மணிநேரத்தைப் பாருங்கள்.

ஒரே சான்றிதழில் இரு சின்னங்களையும் போட வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் நாட்டுச் சட்டம் இடம் தருமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தராதென்றால் இரு நிறுவனங்களும் தனித்தனியே பட்டம் தரும் இரட்டைப் பட்டமே உகந்தது.