ரெட் ஆற்றில் போனவர்கள், உங்கள் கதையையும் சொல்லுங்கள்

முதலில் என் கதை. போன ஜூலையில் அமெரிக்காவின் ஃபார்கோ நகருக்கு வடக்கே நண்பனோடு கனூ படகில் இறங்கினேன். கரையேற வேண்டிய இடம் காரில் பதினைந்து நிமிடம்தான். மதியத்துக்குள் முடிந்துவிடும் என்று ஆளுக்கொரு பொட்டலம் புளிசோறு மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மர இடுக்கில் ஒரு தானியக் கிடங்கின் உயரமான கோபுரம் வலப்பக்கம் தெரிந்தது. அரைமணி கழித்து இடப்பக்கம். அப்புறம் முதுகுக்குப் பின்னால். "தாண்டிட்டோம்டா" என்றேன். ஒரு வளைவு திரும்பினால் மறுபடி நேர் எதிரே நிற்கிறது! வெயில் முகத்திலும் பிடரியிலும் மாறி மாறி அடித்தது. கரையேறும்போது மாலை ஆறு மணி.

வந்த பிறகுதான் படித்தேன். அந்தச் சமவெளி அகாசிஸ் என்ற பனியுகப் பேரேரியின் அடித்தரையாம். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் சரிவுதான். இறங்கப் பள்ளம் இல்லாத ஆறு பக்கவாட்டில் கரையை அரித்து அரித்து வளைகிறது. வளைவு அறுந்து தனியாக நின்ற குதிரைக் குளம்பு ஏரி ஒன்றையும் பார்த்தோம். குட்டை என்று நினைத்துவிட்டோம்.

கனடாவின் வின்னிபெக் நகரிலிருந்து ஒருவர்:
தம்பி, நீங்கள் பார்த்தது அதன் சாதுவான முகம். 1997 வெள்ளத்தில் இங்கே மணல்மூட்டை அடுக்கியவன் நான். இந்த ஆறு வடக்கே ஓடுகிறது. தெற்கே பனி உருகிவிடும், வடக்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். வருகிற தண்ணீர் எங்கே போகும்? அந்த ஏப்ரலில் செயின்ட் அகத்தே ஊர்க்காரர்கள் ஆற்றுப் பக்கம் காவல் இருந்தார்கள். வெள்ளமோ மேற்கே வயல்வெளி வழியாக ஊருக்குள் வந்துவிட்டது. சமதரையில் ஆற்றுக்கு முன்பக்கம் பின்பக்கம் ஏது? வின்னிபெக் தப்பியதற்குப் பெரிய காரணம் 1968-இல் முடிந்த 47 கிலோமீட்டர் வெள்ள வாய்க்கால். அதைக் கட்டவைத்த மானிடோபா மாகாண முதல்வர் டஃப் ராப்ளினைக் கேலி செய்து 'டஃப்பின் குழி' என்றார்கள். இப்போது அதே பெயரைப் பாசத்தோடு சொல்கிறோம்.

இன்னொருவர்:
கரையேறியதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அந்தக் களிமண்ணை இங்கே 'கம்போ' என்பார்கள். ஈரத்தில் கால் வைத்தால் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். மீன் பிடிக்கப் போன என்னுடைய இடது பூட்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது.