அக்வினாஸின் வைக்கோலும் மூளை ஸ்கேனும்

நியூரான்நேசன்:
1273 டிசம்பர் 6 அன்று நேபிள்ஸில் திருப்பலி நிறைவேற்றும்போது கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸுக்கு ஏதோ நேர்ந்தது. தெய்வ தரிசனம் என்கிறார்கள். அதன்பின் தன் பெரிய இறையியல் நூலான ‘சும்மா தியாலஜிக்கா’வை அவர் தொடவேயில்லை, மூன்றாம் பாகம் பாதியில் நின்றது. (சும்மா எழுதியவர் சும்மா இருந்துவிட்டார்!) காரணம் கேட்ட உதவியாளர் ரெஜினால்டிடம், தான் கண்டதன் முன்னால் எழுதியதெல்லாம் வைக்கோல் என்றாராம். அடுத்த மார்ச் 7 அன்று காலமானார். எனக்கு இது பக்கவாதமாகத்தான் படுகிறது. இதில் தெய்வ தரிசனம் எங்கே வந்தது?

பழையசுவடி:
750 வருஷத்துக்கு இப்பால் உட்கார்ந்து நாடி பிடிக்கிறீர்களே சார்! சரி, பக்கவாதமாகவே இருக்கட்டும். அறிவுக்குக் கற்பனையின் படிமங்கள் (மனத்தில் எழும் உருவங்கள்) வேண்டும், கற்பனைக்கு உடலுறுப்பு வேண்டும், அந்த உறுப்பு பழுதானால் முன்பு அறிந்ததைக்கூட நினைக்க முடியாது என்று அந்த மனுஷனே எழுதிவைத்திருக்கிறார். மூளையைக் காட்டி அவரை மடக்க முடியாது. ஒரு கடிதத்தில் பாதியை நான் எழுதினேன், மீதியைப் பேனா எழுதியது என்று யாராவது சொல்வார்களா? முழுக் கடிதமும் நான் எழுதியது, முழுக் கடிதமும் பேனா எழுதியதும்தான். கடவுளும் இயற்கைக் காரணமும் அவருக்கு அப்படித்தான்.

நியூரான்நேசன்:
அப்படியானால் பக்கவாதம் வந்தாலும் கடவுள், வராவிட்டாலும் கடவுள். தோற்கவே வழியில்லாத ஆட்டம் இது.

குறுக்குச்சால்:
நடுவில் ஒரு தகவல். 2006-இல் மான்ட்ரியலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் போரகாரும் பாக்கெட்டும், கார்மேல் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் 15 கன்னியரை மூளை ஸ்கேன் செய்து முடிவை வெளியிட்டார்கள். கடவுள் அனுபவத்துக்கென்றே மூளையில் ஓர் இடம், அதாவது ‘கடவுள் புள்ளி’ என்று தனியாக ஒன்றும் சிக்கவில்லை. மூளையில் பல பகுதிகள் சேர்ந்து இயங்கின. ஆனால் கடவுளை நேரம் குறித்து வரவழைக்க முடியாதே! அதனால் வாழ்வில் ஆழமாக அனுபவித்த தருணத்தை நினைவுகூரச் சொன்னார்கள். படத்தில் விழுந்தது நினைவு. அனுபவமே விழுந்ததாக இரு தரப்பும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நியூரான்நேசன்:
ஏற்கிறேன். ஆனால் பழையசுவடி, உங்கள் ஆள் அக்வினாஸே, விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதாக பைபிள் சொல்லும் அப்போஸ்தலர் பவுலின் பரவசத்தைப் பற்றிப் பேசும்போது, அறிவு புலன்களையும் படிமங்களையும் விட்டு விலகியது என்கிறாரே. அங்கே பேனா இல்லாமல் எழுத்து எப்படி வந்தது?

பழையசுவடி:
அந்த இடம் எனக்கும் இடிக்கிறது. உயிர் உடலைவிட்டுப் போகவில்லை, ஆனாலும் அது இயல்புக்கு மேற்பட்டது என்று தனியே ஒதுக்குகிறார். விதிவிலக்கு என்றுதான் சொல்ல முடிகிறது. உங்களுக்கு அது போதாது, தெரியும். ஆனால் அதைப் பவுலை வைத்துத்தான் எழுதினார். தனக்கு டிசம்பர் 6-இல் நேர்ந்தது அந்த வகையா என்று எழுதவில்லை. எழுதுவதைத்தான் நிறுத்திவிட்டாரே.