அவரை அறிந்த யாரோ ஒருவர்

துணையை இழந்தவர்கள் சொல்லுங்கள். அவர் போன பிறகு, அவரை அறிந்த யாராவது எதிர்பாராமல் எதிர்ப்பட்டதுண்டா? நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு ஸ்ரீரங்கம். மனைவி போய் 3 வருடம் ஆகிறது. ஆனி மாதத் தேய்பிறை பஞ்சமி அவள் திதி. ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறுவதால் மகன் போனில் குறித்துவைத்துக் குழம்புவான். நான் பஞ்சாங்கத்தில் பென்சிலால் வட்டம் போட்டுவிடுவேன். காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் காரியம் செய்வது அவன்தான். நான் படிக்கட்டில் அவன் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். புரட்டாசியில் மகாளய பட்சத்து நவமிக்கு அவிதவா நவமி என்று பெயர். கணவன் இருக்கும்போதே போய்விட்ட பெண்களுக்கான நாள். 'நான்தான் முந்திப் போவேன்' என்று அவள் சண்டை போடுவாள். ஜெயித்துவிட்டாள்.

சொல்ல வந்தது வேறு. பதிமூன்றாம் நாள் முடிந்த முதல் வெள்ளிக்கிழமை, வாசல் கேட்டில் வழக்கம்போல ஒரு முழம் மல்லிகை தொங்கியது. எனக்கு ஆத்திரம். சாவு விழுந்த வீடு என்று தெரிந்தும் இப்படியா? பூவை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். பூக்காரம்மா எழுந்து நின்று, "மாசக் கடைசி வரைக்கும் அம்மா காசு குடுத்திருக்காங்கய்யா. இது அவங்க பூ" என்றார். என்னால் எதுவும் பேச முடியவில்லை. திரும்பி வந்து படத்துக்குப் போட்டேன். அந்த மாதம் முடிந்ததும் அடுத்த மாதக் காசை முன்பணமாகக் கொடுத்தேன். இன்றுவரை அப்படித்தான்.

*

அண்ணாச்சி எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் தூத்துக்குடி. வீட்டுக்காரர் பஸ் டிரைவர், திருநெல்வேலி ரூட். நவம்பர் 2, கல்லறைத் திருநாள். முந்தின நாளே சுண்ணாம்பு அடித்துவிட்டு, அன்று சாயங்காலம் செவ்வந்தி மாலையோடு போனால், எங்களுக்கு முன்பே யாரோ மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒருவர் நின்றார். அவரோடு பல வருடம் ஓடிய கண்டக்டர். "வல்லநாடு தாண்டும்போது மான் தெரியுதான்னு பார்ப்பாரு தாயி. தெரிஞ்சா என்னைய கூப்பிட்டுக் காட்டுவாரு" என்றார். அங்கே வெளிமான் சரணாலயம் இருக்கிறது, தெரியும். ஆனால் 22 வருடத்தில் என்னிடம் ஒருநாளும் மானைப் பற்றிப் பேசியதில்லை மனுஷன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. இப்போது திருநெல்வேலி போனால் ஜன்னல் சீட்டுதான் கேட்கிறேன். இன்னும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

*

கணவர் போன பிறகு இருக்கும் இத்தா எனக்கு முடிந்து ஆறு வாரம்தான். 4 மாதமும் 10 நாளும் வீட்டுக்குள் இருப்பது கொடுமை என்று வெளியில் சொல்வார்கள். மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு யார் முகத்தையும் பார்க்காமல் இருக்க அது ஒரு சாக்கு. வெளியே வந்த பிறகு முதல் முறையாகக் கறிக்கடைக்குப் போனேன். அதுவரை அவர்தான் போவார். என்னைப் பார்த்ததும் கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. முக்கால் கிலோ, நெஞ்செலும்பு சேர்த்து, அவருக்கு வெட்டுகிற மாதிரியே சின்னச் சின்னதாக வெட்டிக் கொடுத்தார். ஒரு ஆளுக்கு எவ்வளவு வாங்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. அப்படியே வாங்கி வந்துவிட்டேன்.