நொச்சி ஆராய்ச்சி: விளக்கெண்ணெய் விஷயத்தில் ஒரு உதவி வேண்டும்

வணக்கம். மதுரையில் எம்.பார்ம் (மருந்தியல் முதுநிலை) கடைசி வருடம் படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்கு, நொச்சி இலையைப் பூசினால் தோல் வீக்கமும் வலியும் குறைகிறதா என்று எலியில் பார்க்கணும். விலங்கு நெறிக்குழு அனுமதியும் வாங்கியாச்சு.

சிக்கல் எங்கே என்றால், மேலூர்ப் பக்கம் இருக்கும் எங்க அப்பத்தா இலையைச் சும்மா அரைத்துப் போடுவதில்லை, இரும்புச் சட்டியில் விளக்கெண்ணெய் விட்டு வதக்கி, இலை சுருண்டதும் இறக்கி, பொறுக்கிற சூட்டில் துணியில் வைத்துக் கட்டிவிடும். அப்படியானால் வேலை செய்வது இலையா, எண்ணெயா, சூடா? விளக்கெண்ணெயில் உள்ள ரிசினோலிக் அமிலத்துக்கே வீக்கத்தைக் குறைக்கும் குணம் உண்டு. நான் சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுச் சத்தை இறக்கும் கருவி) எத்தனால் ஊற்றி எடுத்த இலைச் சத்தோ, எண்ணெயும் சூடும் இல்லாத வேறொரு பொருள்; பச்சைத் தார் மாதிரி ஸ்பேச்சுலாவை (ஆய்வகக் கரண்டி) விட மாட்டேன் என்கிறது.

கைடு வழக்கமான காராஜீனன் பாத வீக்கச் சோதனையே போதும் (கடற்பாசியில் எடுக்கும் காராஜீனனை எலியின் பாதத்தில் ஊசியில் ஏற்றி வீங்க வைத்து, மருந்து அதைக் குறைக்கிறதா என்று பார்ப்பது; ஒப்பிட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து) என்கிறார். பூசுகிற மருந்துக்கு, சுண்டெலிக் காதில் குரோட்டன் எண்ணெய் (தோலை எரிச்சலூட்டி வீங்க வைப்பது) தடவிப் பார்க்கிற முறைதானே பொருத்தம்? செய்தவர்கள் சொல்லுங்கள். வெறும் விளக்கெண்ணெய்க்கு ஒரு குழு தனியாக வைத்தால் எலி எண்ணிக்கை கூடும், திரும்ப அனுமதிக்கு அலையணும், அதுதான் யோசனை.

அப்புறம், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நொச்சியை எண்ணெய் இல்லாமல் கட்டுவார்களா? எந்த ஊர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.