இனத் தரமா, இன இலக்கணமா? பூனைப் பதிவேட்டுச் சொற்கள் பற்றி

குழுவினருக்கு வணக்கம். பூனைப் பதிவு அமைப்புகளின் விதிநூலைத் தமிழாக்க நாம் தொகுக்கும் சொற்பட்டியலைப் பற்றி வந்த கருத்துகளையும், பட்டியலில் இருந்த சொற்களையும் மேற்கோளாகக் கொடுத்து, ஒவ்வொன்றின் கீழும் என் பதிலை எழுதியிருக்கிறேன்.

> ‘ப்ரீட் ஸ்டாண்டர்ட்’ என்பதற்கு ‘இனத் தரம்’ போதும். எல்லாருக்கும் புரியும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். ‘தரம்’ என்றதும் முதல் தரம், இரண்டாம் தரம், தரச் சான்று என்றுதான் மனம் ஓடுகிறது. விதிநூலில் ‘இனத் தரம்’ என்று படிப்பவர், பாரசீகப் பூனை உயர்ந்தது, சியாமியப் பூனை அதற்கு அடுத்தது என்று இனங்களை வரிசைப்படுத்தும் ஏதோ ஓர் அட்டவணை என்றே எண்ணுவார். எந்தப் பதிவு அமைப்பும் அப்படி ஒரு வரிசையை வைத்திருப்பதில்லை.

அந்த ஆவணம் உண்மையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஓர் இனத்தின் குறையற்ற பூனை எப்படி இருக்க வேண்டும் என்று தலை, கண், உடல், மயிர், நிறம் என உறுப்புவாரியாக விவரித்து, மொத்தம் 100 மதிப்பெண்களைப் பிரித்துக் கொடுக்கிறது. அமெரிக்காவில் 1906இல் தொடங்கிய கேட் ஃபேன்சியர்ஸ் அசோசியேஷன் (இனிமேல் சி.எஃப்.ஏ.) சியாமியப் பூனையின் உடலுக்கு 30, நிறத்துக்கு 30, தலைக்கு 20, கண்ணுக்கு 10, மயிருக்கு 10 என்று பங்கிடுகிறது. பாரசீகப் பூனைக்கு வந்தால் தலைக்கு மட்டும் 30. அந்தத் தட்டை முகத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

உறுப்பு உறுப்பாகப் பார்த்து ‘இது இப்படி இருக்க வேண்டும், இப்படி இருந்தால் குற்றம்’ என்று சொல்லும் நூலுக்கு நம் மொழியில் ஏற்கெனவே பெயர் உண்டு. குதிரைக்கு இலக்கணம் பார்த்தார்கள், யானைக்கு இலக்கணம் பார்த்தார்கள். இன்றும் மாட்டுச் சந்தையில் சுழி, கொம்பு, திமில், வால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விலை பேசுகிறார்கள். எனவே என் முன்மொழிவு ‘இன இலக்கணம்’.

> இலக்கணம் என்றால் நன்னூல் நினைவுக்கு வருகிறது. ‘இன வரையறை’ என்று நேராகச் சொல்லலாமே?

இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். ஒரு பூனை பாரசீகப் பூனையா இல்லையா என்று வரையறுப்பது இந்த ஆவணம் அல்ல, பதிவேடு. தாயும் தந்தையும் பாரசீகப் பூனைகளாகப் பதிவாகியிருந்தால் குட்டியும் பாரசீகப் பூனைதான். மூக்கு நீண்டிருந்தாலும், காது பெரிதாக இருந்தாலும், கண்காட்சியில் ஒரு பரிசும் வாங்காவிட்டாலும். மறுபக்கம், தெருவில் கிடைத்த ஒரு பூனை அச்சு அசல் பாரசீகப் பூனை போலவே இருக்கலாம். பெற்றோர் பெயர் தெரியாததால் அதற்குப் பதிவேட்டில் அந்த இனப் பெயர் கிடையாது. அதைக் காட்ட விரும்புகிறவர் வீட்டுப் பூனைப் பிரிவில்தான் சேர்க்க வேண்டும். அங்கே இன இலக்கணமே இல்லை. உடல்நலம், பராமரிப்பு, குணம், அழகு ஆகியவற்றைப் பார்த்து நடுவர் முடிவு செய்வார்.

பதிவேடு சொல்வது ‘இது யார்’. கண்காட்சி சொல்வது ‘இது எவ்வளவு நன்று’. இந்த இரண்டையும் ஒரே சொல்லுக்குள் குழைத்துவிட்டால் விதிநூலின் பாதிப் பக்கங்கள் தமிழில் பொருளற்றுப் போகும். ‘தரம்’, ‘வரையறை’ இரண்டிலும் எனக்குள்ள குறை இதுதான்.

> பெடிக்ரீ: தூய இனச் சான்றிதழ்

‘தூய’ வேண்டாம். மனிதர்களிடம் அந்தச் சொல் செய்த வேலை போதும் என்பது ஒருபுறம் இருக்க, பூனைகளைப் பொறுத்தவரை அது பொய். எக்ஸாட்டிக் என்னும் குறுமயிர் இனம், பாரசீகப் பூனையை அமெரிக்கக் குறுமயிர்ப் பூனையுடன் சேர்த்து உருவாக்கி, 1960களில் சி.எஃப்.ஏ. ஏற்றுக்கொண்டது. டோங்கினீஸ் இனம் சியாமியப் பூனையும் பர்மியப் பூனையும் கலந்தது. ஹிமாலயன் தனி இனமாக இருந்தது, 1984இல் சி.எஃப்.ஏ. அதைப் பாரசீக இனத்தின் ஒரு நிறப் பிரிவாகச் சேர்த்துக்கொண்டது. எந்த இனத்தோடு எதைச் சேர்க்கலாம் என்பதையே விதியாக எழுதி வைத்திருக்கும் அமைப்பில் ‘தூய’ என்பதற்கு என்ன இடம்? அந்தச் சான்று முன்னோர் யார் யார் என்று காட்டுகிறது, அவ்வளவுதான். அதற்குக் ‘கொடிவழி’ என்ற அருமையான சொல் இருக்கிறது. கொடிவழிச் சான்று, கொடிவழிப் பதிவேடு. மாட்டுக்குப் பொலிகாளை என்பது போல இனவிருத்திக்கு வைத்திருக்கும் ஆண் பூனையைப் ‘பொலிகடுவன்’ எனலாம். கடுவன் என்ற சொல் ஊர்ப்புறத்தில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

> ஆக்டிவ் ரிஜிஸ்டர், நான்-ஆக்டிவ் ரிஜிஸ்டர்: செயற்படு பதிவேடு, செயலிழந்த பதிவேடு

செயலிழந்த பதிவேடு என்றால் பூட்டிய அலுவலகம் கண்முன் நிற்கிறது! பிரிட்டனில் 1910 முதல் பூனைப் பதிவை நடத்தும் கவர்னிங் கவுன்சில் ஆஃப் த கேட் ஃபேன்சி (ஜி.சி.சி.எஃப்.) வைத்திருக்கும் ஏற்பாடு இது. இரண்டாவது வகையில் இருக்கும் பூனையும் முறையாகப் பதிவான பூனைதான். அதற்குக் குட்டிகள் பிறந்தால் அந்தக் குட்டிகளைப் பதிவு செய்ய முடியாது. வீட்டில் வளர்க்க மட்டுமே என்று விற்கும் குட்டியைக் கொண்டு வாங்கியவர் இனவிருத்தித் தொழில் தொடங்கிவிடாமல் தடுக்க இது உதவுகிறது. சிலர் ‘கொடி தொடரும் பதிவு’, ‘கொடி நிற்கும் பதிவு’ என்றார்கள். அழகுதான், ஆனால் விதிநூலில் நூறு முறை வரும் சொல் இவ்வளவு நீளம் தாங்காது. ‘தொடர்பதிவு’, ‘தனிப்பதிவு’ என்று வைக்கலாம். முன்னதில் வழி தொடரும். பின்னதில் அந்தப் பூனை மட்டும்.

> சாம்பியன்: வாகையர். பிரீமியர்: பிரதமர்

இரண்டாவதை இயந்திரம் செய்திருக்கும் என்று நம்ப விரும்புகிறேன். கிராண்ட் பிரீமியர் என்பதை ‘மாபெரும் பிரதமர்’ என்று எழுதி, அதன் கீழே காயடித்த கடுவனின் படத்தைப் போட்டால் வழக்கு வரும். கருத்தடை செய்யாத பூனைக்குச் சாம்பியன், செய்ததற்குப் பிரீமியர் என்பதுதான் வேறுபாடு. இவை பூனையின் பெயரோடு சேர்த்து எழுதப்படும் பட்டங்கள். பத்மஸ்ரீயை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. இவற்றையும் அப்படியே விடுவோம். பிரிவுகளுக்கு மட்டும் தமிழ்ப் பெயர் கொடுப்போம்.

‘ரிங்’ என்பதற்கு வளையம் வேண்டாம். சி.எஃப்.ஏ. கண்காட்சியில் ஒரு நடுவரின் மேசையும் அதைச் சுற்றிய கூண்டுகளும் சேர்ந்தது ஒரு ரிங். ஒவ்வொன்றிலும் தீர்ப்பு தனித்தனி. ஒரு நடுவர் தலைமேல் வைத்த பூனையை அடுத்தவர் திரும்பியும் பார்க்காமல் போகலாம். ‘களம்’ போதும்.

அன்புடன்,
சொற்பட்டியல் தொகுப்பாளர்

மறுமொழி: யாழ்ப்பாணத்திலிருந்து

ஐயா,

தனிப்பதிவு, தொடர்பதிவு இரண்டும் நன்று. ‘இன இலக்கணம்’ மட்டும் எனக்கு உறுத்துகிறது. கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன். இலக்கணம் என்று பெயர் வைத்த உடனே அதற்கு ஒரு புனிதம் வந்துவிடுகிறது. நடந்த கதை வேறு. ஸ்கொட்டிஷ் ஃபோல்ட் இனத்தின் முதற்பூனை 1961இல் ஸ்கொட்லாந்தின் பேர்த்ஷயரில் ஒரு பண்ணையில் காணப்பட்டது. காதை மடிக்கும் அதே மரபணுதான் உடல் முழுவதும் குருத்தெலும்பைக் கெடுக்கிறது; வால் விறைக்கிறது, மூட்டுகள் வலிக்கின்றன. ஜி.சி.சி.எஃப். 1970களின் தொடக்கத்திலேயே அந்தப் பூனைகளைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. அட்லாண்டிக்கின் மறுகரையில் 1978இல் சி.எஃப்.ஏ. அதற்குச் சாம்பியன் பட்டத்துக்குப் போட்டியிடும் தகுதியையே கொடுத்தது. ஒரே பூனை, ஒரு கரையில் இனம், மறுகரையில் இனமில்லை. வாக்கெடுப்பால் எழுதப்படுவதை இலக்கணம் என்பதா?

நாங்கள் புள்ளிவிபரவியலில் ‘நியம விலகல்’ என்கிறோம்; உங்கள் பக்கம் ‘திட்ட விலக்கம்’. அந்த வழியில் ‘இன நியமம்’ என்று வைத்தால் இது மனிதர் வகுத்த விதி என்பது தெளிவாக நிற்கும்.

இன்னொன்று. ‘வித்ஹோல்ட்’, ‘டிஸ்குவாலிஃபை’ இரண்டையும் பட்டியல் தகுதிநீக்கம் என்கிறது. அவை ஒன்றல்ல. ஜி.சி.சி.எஃப். முறையில் மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் மூன்று சான்றிதழ் பெற்றால்தான் சாம்பியன். பிரிவில் முதலாவதாக வந்த பூனைக்குக்கூட, சான்றிதழுக்குரிய சிறப்பு அதற்கில்லை என்று நடுவர் அதைக் கொடுக்காமல் விடலாம். பாரசீகப் பூனையின் மூக்குத் தோலின் மேல்விளிம்பு, கண்ணின் கீழ்விளிம்புக்கு மேலே போனால் சான்றிதழ் கொடுக்கக்கூடாது என்ற விதியே உண்டு. மூச்சுத் திணறும் தட்டை முகங்களுக்குப் போட்ட கடிவாளம் அது. அந்தப் பூனை போட்டியிலிருந்து வெளியேற்றப்படவில்லை, சான்றிதழ்தான் இல்லை.

மறுமொழி

அம்மா,

பிந்தையதில் முழு உடன்பாடு. ‘சான்று நிறுத்தம்’ ஒன்று, ‘தகுதிநீக்கம்’ இன்னொன்று. சி.எஃப்.ஏ.வின் சியாமிய விதியில் நீலமல்லாத கண், கண்ணுக்குத் தெரியும் வால் முடிச்சு, வெள்ளைக் கால்விரல் ஆகியவை தகுதிநீக்கம் என்ற பட்டியலில் வருகின்றன. ஒரு காலத்தில் வால் முடிச்சு சியாமியப் பூனைகளுக்கு வெகு சாதாரணம் என்பது வேறு கதை.

‘நியமம்’ பற்றி: தமிழ்நாட்டு வாசகருக்கு அது நியமநிட்டையையும், ஓர் எழுத்து தவறினால் பணி நியமனத்தையும் நினைவூட்டும். நியம விலகலில் வரும் நியமம் சராசரியை ஒட்டியது. இந்த ஆவணம் சராசரிப் பூனையைச் சொல்லவில்லை. இதுவரை பிறக்காத பூனையைச் சொல்கிறது. நடுவர் ஒவ்வொரு பூனையும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்றே பார்க்கிறார்.

வாக்கெடுப்பு பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. சி.எஃப்.ஏ.வில் அமைப்புச் சட்டத்தையும் கண்காட்சி விதிகளையும் உறுப்புச் சங்கங்களின் பேராளர்கள் ஆண்டுக் கூட்டத்தில் மாற்றலாம். இன இலக்கணத்தைத் தொட வேண்டுமானால் அந்த இனத்தை வளர்ப்பவர்கள் அடங்கிய இனக் குழுவில் வாக்களித்தோரில் 60 விழுக்காட்டினர் இசைய வேண்டும். பிறகுதான் ஆட்சிக் குழுவின் ஒப்புதல். முகத்தைத் தட்டையாக்கியவர்களிடமே அதை நிமிர்த்தச் சம்மதம் கேட்கும் ஏற்பாடு இது என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அது ஆட்சிமுறையின் குறை, அதைச் சொல்லால் சரிசெய்ய முடியாது. தீய இலக்கணமும் இலக்கணமே. மாட்டுச் சுழியில் எத்தனை மூடநம்பிக்கை இருக்கிறது என்பது நம் இருவருக்கும் தெரியும்.

எனவே பட்டியலில் ‘இன இலக்கணம்’ என்றும், இலங்கை வழக்காக ‘இன நியமம்’ என்றும் இரண்டையும் பதிகிறேன். ஓர் இனத்தை அமைப்பு சேர்த்துக்கொள்வதற்கு ‘இன ஏற்பு’. ஸ்கொட்டிஷ் ஃபோல்ட் போன்றவற்றுக்கு ‘ஏற்பு நிறுத்தம்’ என்றும் எழுதலாம்.

எஞ்சியிருப்பவை: குட்டிப் பிரிவுக்குச் சிக்கலில்லை, தொல்காப்பிய மரபியலே வெருகு என்னும் பூனையின் இளமைக்குக் குட்டி என்கிறது. வயதை மட்டும் அமைப்புவாரியாகக் குறிக்க வேண்டும்: சி.எஃப்.ஏ.வில் 4 மாதம் முதல் 8 மாதத்துக்குள், ஜி.சி.சி.எஃப்.இல் 14 வாரம் முதல் 9 மாதத்துக்குள். பொலிகடுவனுக்கு இரண்டு விதைகளும் இறங்கியிருப்பதாக மருத்துவர் தரும் சான்றுக்கு ‘விதையிறக்கச் சான்று’ என்று போட்டிருக்கிறேன். அதை மட்டும் நீங்கள் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி: யாழ்ப்பாணத்திலிருந்து

விதையிறக்கச் சான்று சரி. ‘இன நியமம்’ என்பதை அடைப்புக்குறிக்குள் போடாமல் சம அளவு எழுத்தில் போடுங்கள், அது போதும்.