பார்ட்-டைமா, சூப்பர் செலக்டா? பிக்கப் வாங்கப் போகிறேன்

வணக்கம். சிங்கப்பூரில் லிம் சூ காங் பக்கம் பண்ணைகளில் தோட்ட வேலை எடுத்துச் செய்கிறேன். மழை பெய்தால் உள்பாதை சேறாகிவிடும், வேனைத் தள்ளியே கை ஓய்ந்துவிட்டது. டொயோட்டா ஹைலக்ஸில் இருக்கும் பார்ட்-டைம் 4 வீல் டிரைவ் (தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும்) போதுமா, மிட்சுபிஷி ட்ரைட்டனின் சூப்பர் செலக்ட் 4 வீல் டிரைவ் வேண்டுமா? சி பிரிவு சிஓஇ (சரக்கு வண்டி வைத்திருக்க வாங்கும் உரிமச் சான்றிதழ்) போக மிச்சக் காசை வீணாக்க மனமில்லை.

பதில் 1
தம்பி, பார்ட்-டைமில் நடு டிஃபரன்ஷியல், அதாவது முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு, கிடையாது. 4எச் (நான்கு சக்கர ஓட்டம்) போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் பூட்டிக்கொள்ளும், ஆனால் திரும்பும்போது முன்சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும். சேற்றில் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும், காய்ந்த தாரில் அதற்கு வழியில்லை. ஒருமுறை 2எச்-க்கு (இரு சக்கர ஓட்டம்) மாற்ற மறந்து மாடி கார்பார்க்கில் ஏறினேன். ஸ்டியரிங் இறுகி, டயர் டக் டக்கென்று துள்ளியது, உடனே நிறுத்திவிட்டேன். பண்ணைக்குள் மட்டும் போடுவதென்றால் இதுவே போதும்.

பதில் 2
அண்ணன் சொன்ன அந்தத் தொல்லை சூப்பர் செலக்டில் இல்லை. நடு டிஃபரன்ஷியல் இருப்பதால் மழையில் தார்ச்சாலையிலும் 4எச்-லேயே ஓட்டலாம், சேறு வந்தால் 4எச்எல்சி போட்டு அந்த நடு டிஃபரன்ஷியலைப் பூட்டலாம். ஆனால் எல்லா ட்ரைட்டனிலும் அது வராது! ஈசி செலக்ட் என்று இருந்தால் அது பார்ட்-டைம்தான், கையெழுத்துப் போடுமுன் 4 வீல் டிரைவ் மாற்றும் திருகியைப் பாருங்கள்.

பதில் 3
பின் சக்கரம் இரண்டையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பின் டிஃபரன்ஷியல் லாக் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாவிட்டால் சேற்றில் முன்னே ஒரு சக்கரம், பின்னே ஒரு சக்கரம் சும்மா சுழல, வண்டி அங்கேயே நிற்கும். அப்புறம் டயர், சாலை டயரோடு சேற்றில் இறங்காதீர்கள்.